தேரடியில் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை: வடசென்னை மெட்ரோ வழியில் ஊர் வரலாற்றைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை மெட்ரோவின் நீல வழித்தடம் 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டது. ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பகுதியால் நெரிசல் மிகுந்த டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்) போய்வருவோரின் பயண நேரம் குறைந்தது என்றே பெரும்பாலும் பேசப்பட்டது. ஆனால் நீல வழித்தடம் வடசென்னையில் போகும் இடங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே, சென்னையின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது விளங்கும். மண்ணடி, வண்ணாரப்பேட்டை, சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர் ஆகிய ஒவ்வொரு நிலையமும் ஒரு தனிக் காலத்தின் வாசலாக இருக்கிறது. அந்த வாசல்களில் எங்கே இறங்குவது, எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது, கேட்டதை எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது.

முதல் படி: வடக்கு முனையிலிருந்து தொடங்குங்கள்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கி வெளியே நகர்கிறார்கள். இந்த வழித்தடத்துக்கு அந்த வரிசை பொருந்தாது. ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கியது 1640இல்தான். திருவொற்றியூரோ அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சம்பந்தரும் அப்பரும் பின்னர் சுந்தரரும் பதிகம் பாடிய ஊர். கோட்டையிலிருந்து வடக்கே போனால் அது நகரத்தின் ஓரத்தில் உள்ள ஒரு புறநகராகத் தோன்றும். அங்கிருந்து தெற்கே வந்தால், நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஓர் ஊரின் பக்கத்தில் பின்னாளில் வந்து சேர்ந்த குடியேற்றமாக மதராசப்பட்டினம் தோன்றும். பார்வையில் ஏற்படும் இந்த மாற்றத்துக்காகவே தேரடியில் தொடங்கச் சொல்கிறேன்.

முழு வழியையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். திருவொற்றியூருக்கு ஒரு காலைப்பொழுது, காலடிப்பேட்டை முதல் தியாகராயா கல்லூரி வரை ஒரு மாலைப்பொழுது, வண்ணாரப்பேட்டை முதல் உயர் நீதிமன்றம் வரை ஒரு முழு நாள் என்று பிரித்துக்கொள்வது நல்லது. கோயில்களில் நடுப்பகலில் நடை சாத்தப்படும் என்பதையும், மண்ணடியின் வணிகத் தெருக்கள் ஞாயிற்றுக்கிழமையில் வேறு முகம் காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கட்டடங்களைப் பார்க்க ஞாயிறு காலை ஏற்றது. அந்தத் தெருக்களின் தொழிலைப் பார்க்க வேலைநாளில்தான் போக வேண்டும்.

இன்னொரு முன்னெச்சரிக்கையும் உண்டு. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் ஆகிய பெயர்களில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயில் நிலையங்களும் இருக்கின்றன. அவை மெட்ரோ நிலையங்களுக்கு மேற்கே, தனியான பாதையில் உள்ளவை. யாரையாவது சந்திக்க ஏற்பாடு செய்தால் ‘மெட்ரோ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: புறப்படுவதற்கு முன் படிக்க வேண்டியவை

இரண்டு வரைபடங்கள் போதும். ஒன்று இன்றைய வரைபடம். மற்றொன்று 19ஆம் நூற்றாண்டிலோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வரையப்பட்ட சென்னை நகர வரைபடம். பழைய வரைபடங்கள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மெட்ரோ பாதையைப் பழைய வரைபடத்தின் மேல் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே அந்தக் கோடு கோட்டைப் பக்கத்திலிருந்து திருவொற்றியூர் கோயிலுக்குச் செல்லும் பழைய சாலையையே பெரும்பாலும் ஒட்டிப் போவதைக் காணலாம். ஏரி, தோட்டம், உப்பளம், கிராம எல்லை என்று பழைய படத்தில் குறித்திருப்பவற்றில் நீங்கள் நடக்கப்போகும் தெருக்களுக்கு அருகில் உள்ளவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர்க் கல்வெட்டுகளின் வாசகங்கள் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் அச்சாகியுள்ளன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கால ஆவணங்களும், 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் உள்ளன. எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. நேரில் பார்த்து மனத்தில் கேள்வி எழுந்த பிறகு இந்த இடங்களுக்குப் போனால்தான் எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்கும்.

மூன்றாம் படி: திருவொற்றியூரில் கல்லைப் படியுங்கள்

தேரடி நிலையம் மற்ற நிலையங்களுக்குப் பின்னர், 2022 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. தியாகராசர் கோயிலுக்கு அதுவே பக்கம். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவில் இருப்பதால் ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியே வைத்திருப்பார்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் கவசம் களைந்து தரிசனம் நடக்கும். வடிவுடையம்மன் சன்னதிக்கு வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் அதிகம் வரும் என்பதால், கல்வெட்டுப் பார்க்க விரும்புவோர் வேறு கிழமையில் போவது நல்லது.

கருவறையை வலம் வரும்போது விமானத்தின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். அது நேர்ச்சுவராக இல்லாமல் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று சொல்லப்படும் இந்த அமைப்பைக் கல்லில் எழுப்பியவன் இரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு கூறுகிறது. மன்னர் பெயரோடு ஒரு கட்டடக் கலைஞனின் பெயரும் நிலைத்திருப்பது அரிது. அதற்காகவே அந்தச் சுவரின் முன் சற்று நேரம் நிற்கலாம்.

கல்வெட்டுகள் பெரும்பாலும் சுவரின் அடிப்பகுதியான அதிட்டானத்தில் ஓடும். முழுவதையும் படிக்கத் தெரியாவிட்டாலும், தொடங்கும் சொற்களைக் கொண்டே காலத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற மங்கலச் சொல்லுக்குப் பிறகு ‘திருமகள் போல’ என்று வந்தால் முதலாம் இராசராசன். ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராசேந்திரன். ‘புகழ்மாது விளங்க’ என்றால் முதலாம் குலோத்துங்கன். அதன் பின் ‘யாண்டு’ என்ற சொல்லை அடுத்து ஆட்சியாண்டு வரும். விளக்குக்கு விட்ட கொடையானால் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடரைத் தேடுங்கள். ஓர் அணையா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்படும். இறந்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்துகொண்டே இருப்பதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பது அந்த ஏற்பாடு. மந்தையைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய்யின் அளவும் அதே கல்லில் இருக்கும்.

காலை வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் தங்கும். அப்போது எடுக்கும் படமே தெளிவாக இருக்கும். எழுத்து தெரிவதற்காக மாவோ சுண்ணாம்போ எண்ணெயோ பூசக் கூடாது. படம் எடுக்கும் முன் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூலவர் சன்னதியை எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

இக்கோயிலின் கல்வெட்டுகளில் என் மனத்தை விட்டு அகலாதது ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தைச் சேர்ந்தது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டபோது, அவனோடு சாக முடியாமல்போன நண்பர் ஒருவர், சேர நாட்டில் பிறந்தவர், துறவு பூண்டு சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு இங்கே மடத்தின் தலைவரானார் என்பது அதன் செய்தி. போரில் தன் இளவரசனை இழந்த ஒருவரின் துயரத்தை, அந்தப் போரில் வென்ற மன்னனின் ஆட்சியாண்டிட்ட கல்லே நமக்குச் சொல்கிறது. இலக்கணம் கற்பிப்பதற்கென்றே இக்கோயிலில் வியாகரணதான மண்டபம் ஒன்று இருந்ததையும் கல்வெட்டுகளால் அறிகிறோம். கோயிலாக மட்டுமன்றி மடமாகவும் கல்விச்சாலையாகவும் இது இருந்திருக்கிறது.

கோயிலுக்கு வெளியே வந்த பிறகு கிழக்கே கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கு நடந்து போகலாம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும், உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து அதை மீறியதால் பார்வை இழந்ததும் இவ்வூரில் எல்லாரும் சொல்லும் கதை; மாசி விழாவில் அது இன்றும் மகிழடி சேவையாக நடத்தப்படுகிறது. அறுபத்து மூவரில் ஒருவரான கலிய நாயனார் செக்காட்டும் மரபில் இங்கே பிறந்து, வறுமையிலும் கோயிலுக்கு விளக்கெரித்தவர். கல்வெட்டில் ஆடு விட்டவர்களின் பெயரைப் படித்துவிட்டு அவர் கதையைக் கேட்டால், விளக்குக்கு எண்ணெய் தந்த எளிய மனிதர்களும் நினைவில் நிற்பார்கள்.

நான்காம் படி: விம்கோ நகருக்கு ஒரு சிறு பயணம்

தேரடியிலிருந்து வடக்கே விம்கோ நகர் வரை போய்த் திரும்புங்கள். புதுவண்ணாரப்பேட்டைக்கு வடக்கே பாதை முழுவதும் உயர்த்தப்பட்ட பாலத்தில் போவதால், பெட்டியின் கிழக்குச் சன்னல் மீனவக் குப்பங்களும் கடலும் உள்ள பக்கம், மேற்குச் சன்னல் ரயில் பாதையும் ஆலைகளும் உள்ள பக்கம் என்ற பிரிவு தெளிவாகத் தெரியும். விம்கோ என்பது தீப்பெட்டி செய்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதும், என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1950களில் அமைந்ததும் திருவொற்றியூரில்தான். ஆலைச் சுவர்களைத் தாண்டிப் பார்க்க அதிகம் இல்லை. ஆனால் இங்கே டீக்கடையில் அமர்ந்திருக்கும் முதியவர்களில் பலர் ஆலை வேலையில் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். ஷிப்ட் முறை, சங்கு ஒலி, தொழிற்சங்கம் ஆகியவற்றைப் பற்றி அவர்களிடம் கேட்கத் தவறாதீர்கள். இந்த வரலாறு கல்லில் இல்லை. அவர்கள் சொன்னால்தான் உண்டு.

ஐந்தாம் படி: காலடிப்பேட்டையில் துணியின் பாதையைப் பிடியுங்கள்

1708இல் நவாப் தாவூத் கான் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களைக் கம்பெனிக்குக் கொடுத்தார். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்புதான் காலெட் பேட்டை. அதுவே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. கம்பெனி ஏற்றுமதி செய்தவற்றில் தலையாயது துணி. அதை நெய்பவர்களைக் கோட்டைக்கு எட்டும் தொலைவில் குடிவைப்பது அதன் வணிகத் தேவையாக இருந்தது.

இங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சிபுரத்து வரதரைத் தரிசிக்காமல் வேலைக்கு வர மாட்டார் என்றும், அவரது பக்தியைச் சோதித்து வியந்த ஆளுநர் இங்கேயே கோயில் எழுப்ப உதவினார் என்றும் அந்தக் கதை போகிறது. அர்ச்சகரிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ கேட்டால் முழுவதையும் விரிவாகச் சொல்வார்கள். பிறகு கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் அமைப்பைப் பாருங்கள். நெசவாளர் குடியிருப்பில் பாவு போட, அதாவது தறிக்கான நீள நூல்களை விரித்துக் கட்ட, நீண்ட, நேரான தெரு தேவைப்படும். அத்தகைய நீளம் இன்றைய தெருக்களில் எங்கே தங்கியிருக்கிறது என்று நடந்து பார்ப்பது நல்ல பயிற்சி.

ஆறாம் படி: தண்டையார்பேட்டையில் கேட்டதைச் சரிபாருங்கள்

டோல்கேட் நிலையத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. சாலையில் சுங்கம் வசூலித்த இடம் என்பதை நிலையத்தின் பெயரே சொல்லிவிடுகிறது.

தண்டையார்பேட்டையில் யாரைக் கேட்டாலும், தொண்டியிலிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் ‘தொண்டியார்’ என்று அழைத்ததால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பார்கள். மஸ்தான் சாகிபு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பகுதியில் வாழ்ந்து மறைந்தவர். மதம் பாராமல் மக்கள் அவரை நாடி வந்தார்கள். ஆனால் 1693இல் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு கம்பெனிக்குக் கிடைத்த ஊர்களின் வரிசையில் தண்டையார்பேட்டையும் இருக்கிறது. அதாவது ஊர்ப்பெயர் அவருக்கு ஏறத்தாழ நூறாண்டு மூத்தது. இப்படி முரண்படும் இடங்களில் சொன்னவரைத் திருத்தப் புறப்பட வேண்டாம். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து, சொல்லக் கேட்டது, கண்ணால் கண்டது, ஆவணத்தில் உள்ளது என்று தனித்தனியே எழுதுங்கள். ஒரு ஞானியின் மேல் ஊர் கொண்ட அன்பும் வரலாற்றுச் செய்திதான். அது முதல் பகுதியில் இருக்கட்டும். ஆண்டு மூன்றாம் பகுதியில் இருக்கட்டும்.

அடுத்த நிலையம் பெயர் தாங்கி நிற்கும் பிட்டி தியாகராயர் (1852–1925) நெசவுத் தொழிலோடு நெருங்கிய தொடர்புடைய குடும்பத்தில், இதே வட்டாரத்தில் வாழ்ந்தவர். 1916இல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். அவர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் திட்டம் தொடங்கியது. தியாகராய நகர் என்றவுடன் நினைவுக்கு வரும் இந்தப் பெயரின் சொந்த மண் வடசென்னை என்பதை வெளியூரிலிருந்து வருவோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏழாம் படி: வண்ணாரப்பேட்டையில் மதிலைத் தேடுங்கள்

காலடிப்பேட்டை போன்ற குடியிருப்புகளில் நெய்த துணியைக் கப்பலேற்றும் முன் வெளுத்துத் தந்த தொழிலாளர்களின் குடியிருப்பாகவே வண்ணாரப்பேட்டை வளர்ந்தது. நெசவும் வெளுப்பும் இங்கிருந்து மறைந்துவிட்டன, ஆனால் எம்.சி. ரோட்டின் துணிக்கடைகளில் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் நிற்க இடம் இருக்காது.

நிலையத்திலிருந்து பழைய ஜெயில் ரோட்டுக்கு நடந்து போய் மாடிப் பூங்காவைக் கேளுங்கள். 1758–59இல் பிரெஞ்சுக்காரர் முற்றுகையையும் 1769இல் ஐதர் அலி நகரின் வாசல்வரை வந்ததையும் கண்ட கம்பெனி, கோட்டைக்கு வடக்கே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பியது. அதற்காக விதிக்க எண்ணிய வரியின் நினைவாகவே வால்டாக்ஸ் ரோடு நிற்கிறது. மதிலில் எஞ்சிய துண்டின் மேல்தான் பூங்கா இருக்கிறது. மேலே ஏறுவதோடு நிறுத்தாமல் தெருவில் நின்று சுவரின் கனத்தையும் உயரத்தையும் பாருங்கள். எந்தப் பக்கம் நகருக்குள், எந்தப் பக்கம் வெளியே என்பதைத் தீர்மானித்துவிட்டு வரைபடத்தில் மதிலின் கோட்டை நீட்டிக்கொண்டு போனால், இன்றைய தெருக்கள் சில ஏன் அப்படி வளைகின்றன என்பது புரியும்.

நேரம் இருந்தால் ஆட்டோவில் இராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போய்வரலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். அதற்கு 165 ஆண்டுகளுக்குப் பின் வந்த ரயில் பாதையில் பயணம் செய்பவர் அந்தப் பழைய தூண்களையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். தெற்கே ஏழுகிணற்றில், கோட்டைக்குக் குடிநீர் தர 1772இல் கேப்டன் பேக்கர் வகுத்த திட்டத்தின் நினைவு ஊர்ப்பெயராக நிற்கிறது. அங்கே வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாழ்ந்த இளம் வள்ளலார், திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய் வந்தவர். நாம் ரயிலில் கடந்து வந்த தூரம் அது.

எட்டாம் படி: மண்ணடியும் உயர் நீதிமன்றமும்

மண்ணடியில் இறங்கியதும் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு ஆகிய மூன்றையும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பாருங்கள். அரண்மனைக்காரத் தெரு ஆர்மீனியர் வாழ்ந்த தெரு. அங்குள்ள அவர்களது தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794இல் சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறை இவ்வளாகத்தில் இருக்கிறது. தம்புச் செட்டித் தெருவின் காளிகாம்பாள் கோயிலில், 1677இல் சிவாஜி வந்து வழிபட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு சிவாஜி தென்னாட்டுப் படையெடுப்பில் இருந்தது வரலாறு. கோயிலுக்கு வந்தது கோயிலார் போற்றும் மரபு. உங்கள் மூன்று பகுதிக் குறிப்பு இங்கும் உதவும்.

உயர் நீதிமன்றக் கட்டடம் 1892இல் நிறைவடைந்தது. அதன் உயர்ந்த கோபுரம் 1894 முதல் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. 1844இல் செயல்படத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கத் தூணும் வளாகத்திலேயே நிற்கிறது. உள்ளே செல்லப் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் உண்டு. வெளிச்சுவரில் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசியதைக் குறிக்கும் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். எதிரே பாரிமுனையில், கோட்டைக்கு எதிரே கட்டடம் எழுப்பக் கூடாத வெட்டவெளியின் எல்லையைக் காட்டிய தூண்களில் ஒன்று டேர் ஹவுஸ் அருகே காக்கப்பட்டிருக்கிறது. மதில் சூழ்ந்த கறுப்பர் நகருக்கு முன்பு கோட்டையை ஒட்டி இருந்த பழைய கறுப்பர் நகரை இடித்து உருவாக்கிய வெட்டவெளி அது. உயர் நீதிமன்றம் நிற்கும் மண்ணில்தான் அந்த நகரின் வீடுகள் இருந்தன.

ஒன்பதாம் படி: கேட்பதும் பதிவதும்

பெரியவர்களிடம் பேசும்போது ‘இந்த ஊர் வரலாறு சொல்லுங்கள்’ என்று தொடங்கினால் பேச்சு நகராது. ‘ஐயா, இந்தத் தெருவுக்கு முன்னாடி வேற பேரு இருந்துச்சா?’, ‘அம்மா, நீங்க சின்ன வயசுல தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க?’, ‘அண்ணே, ஆலைக்கு எந்த வழியா நடந்து போவீங்க?’ என்று ஒரு பொருளையோ ஓர் இடத்தையோ பிடித்துக் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்யும் முன் சம்மதம் பெறுவதும், சாதி, சொத்து, குடும்பத் தகராறு பற்றியவற்றை அவர்களாகச் சொன்னாலும் பொதுவில் வெளியிடாமல் இருப்பதும் கடமை.

எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தேதி, தெருப்பெயர், அருகிலுள்ள நிலையம், எந்தத் திசை நோக்கி எடுத்தது ஆகிய நான்கையும் அன்றே எழுதிவையுங்கள். நிலையம் வந்த பிறகு மனை விலை ஏறி, டி.எச். ரோட்டுப் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. மரத்தூண் வைத்த திண்ணை, ஓட்டுக்கூரை, வாசலில் பொறித்த கட்டிய ஆண்டு போன்றவற்றுக்கு யாரும் பாதுகாப்புச் சட்டம் எழுதவில்லை. எனவே பெரிய நினைவுச்சின்னங்களைவிட முதலில் இவற்றைப் படமெடுங்கள். கதை சொன்னவரின் வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது படத்தின் ஒரு பிரதியைக் கொடுத்து, நீங்கள் எழுதியதை அவரிடமே படித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களையும் தேதியிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.